ஒரு வாய்க்காலும் இரண்டு வரம்பும்

திருகோணமலையிலிருந்து அனுராதபுர வீதியால் போய், கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் பக்கம் உள்ளே திரும்பிப் போனால், காடு மூடிய இரண்டு குன்றுத் தொடர்களுக்கு நடுவே ஒரு நீளமான பள்ளம் வரும். அதன் தலைப்பில் ஒரு சிறுகுளம். குளத்துக்குக் கீழே வயல். ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. மயிலுக்கும் காட்டுத்தாராவுக்கும் கண்ணி வைக்க அந்தப் பக்கம் வருகிறவர்கள் இன்னமும் உண்டு.

குளத்துத் துருசிலிருந்து, அதாவது மதகிலிருந்து, இறங்கும் வாய்க்கால் அந்த வயல்வெளியை நடுவால் பிரிக்கிறது. தெற்குக் கரையில் மாமாவின் மூன்று ஏக்கர். வடக்குக் கரையில் அம்மாவின் மூன்று ஏக்கர். இரண்டும் ஒரு காலத்தில் அம்மப்பாவின் ஒரே வயல். மண் ஒன்று, தண்ணீர் ஒன்று, விதைக்கிற நாளும் ஏறத்தாழ ஒன்று. 2022ஆம் ஆண்டு மார்கழியில் குத்தகைக் காசு விஷயமாக அங்கே போயிருந்தேன். மாமாவின் பக்கத்தில் நத்தைகொத்தி நாரைகள் ஏழெட்டு, முழங்கால் தண்ணீரில் நின்று மேய்ந்துகொண்டிருந்தன. வரம்பெல்லாம் தும்பை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. எங்கள் பக்கத்தில் நெல் நன்றாகத்தான் நின்றது. ஆனால் வரம்பு மருந்தில் தீய்ந்து கபில நிறமாக இருந்தது. ஒரு கொக்குகூட இல்லை. நடுவில் இருந்தது பத்தடி வாய்க்கால் மட்டுமே.

அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது, எங்கள் பக்கத்துக்கும் பூவையும் பறவையையும் திரும்பக் கொண்டுவரலாமா என்று அதற்குப் பிறகு இரண்டு பெரும்போகங்கள், அதாவது இரண்டு மாரி நெற்செய்கைகள், முயன்று பார்த்தோம். கண்டதையும் பிழைத்துப்போனதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இடம்

எங்கள் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கித் தை வரை வாடையோடு கொட்டித் தீர்த்துவிடும். பிறகு சோளகக் காலம். கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் குளத்தின் அடி பாளம் பாளமாக வெடிக்கும். இந்தக் குளத்தில் பெரும்போகத்துக்கு மட்டுமே தண்ணீர் போதும், சிறுபோக நெல்லுக்குப் போதாது. 80 ஹெக்டேயருக்கு மேற்படாமல் பாசனம் தரும் குளங்களைச் சிறுகுளம் என்று வகுத்து, கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் வைத்திருக்கிறார்கள். எங்களுடையது அந்த வகையில் மிகச் சின்னது.

குன்றின் அடிவாரம் செங்கபில மண். அதில் சோளன், கச்சான் கடலை, பயறு, எள்ளு. பள்ளத்தின் அடியில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் சாம்பல் நிறக் களி. அதில் நெல். குளத்தின் அலைகரையில் மருதும் நாவலும் நிற்கின்றன. அவற்றுக்கு முன்னால் ஒரு புல்வெளி, மேட்டிலிருந்து ஓடிவரும் வண்டலை வடித்துவிட்டுத்தான் தண்ணீரைக் குளத்துக்குள் விடும். கட்டுக்குக் கீழே, கசிவு நீரில், தாழையும் புதரும். எதுவும் தானாக அமைந்த இடமல்ல. வறள் வலயத்துக் குளக்கிராமங்கள் எல்லாவற்றிலும் இந்த அடுக்கு இருந்திருக்கிறது. ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகக் கோத்த இந்தக் குளக்கிராம முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. சிங்களக் கிராமங்களில் வயலின் ஒரு பகுதியைப் பறவைக்கென்று விடும் வழக்கம் இருந்தது, குருலு பாளுவ என்பார்கள். எங்கள் அம்மப்பாவும் வயலின் கடைசித் துண்டான கடைக்கண்டத்துக்குக் காவல் போடமாட்டார். அதற்கு அவர் ஒரு பெயரும் வைக்கவில்லை. "அது குருவிக்கு விட்டது" என்று மாமா இப்போதும் சொல்வார், அவ்வளவுதான்.

மூன்று காலங்கள்

இந்த நிலம் என் அறிவுக்கு எட்டிய வரையில் மூன்று விதமாக இருந்திருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க அதுவே எனக்குப் பெரிய உதவி.

முதலாவது அம்மப்பாவின் காலம். எருமைப் பட்டியை இறக்கி மிதிக்கவிட்டுச் சேறாக்குவார்கள். பச்சைப்பெருமாள், சீனட்டி என்ற பழைய நெல்லினங்களை விதைப்பார்கள். அருவி வெட்டி, சிறு சிறு குவியலாக, உப்பட்டியாகக் காயவிட்டு, போராக அடுக்கிச் சூடு வைத்து, ஆறுதலாகக் களத்தில் மிதிப்பார்கள். எருமைகள் படுத்துக் கிடக்க வயலின் ஓரத்தில் ஒரு கிடங்கு இருந்தது. வரம்பில் நெல்மூட்டையோடு வருகிறவருக்கு எதிரே வருகிறவர் கீழே இறங்காமல் வழிவிடலாம், அவ்வளவு அகலம். பொன்னாங்காணி, வல்லாரை, கையாந்தகரை எல்லாம் அந்த வரம்புகளில்தான் பிடுங்கினோம் என்று அம்மா சொல்வார். வாய்க்கால் ஓரத்தில் நீர்முள்ளி ஊதாவாகப் பூத்து நிற்கும். அதைக் கல்லடைப்புக்கு அவித்துக் குடிப்பார்கள்.

இரண்டாவது, ஆள் இல்லாத காலம். 1990 ஆனியில் சண்டை திரும்பவும் மூண்டபோது ஊரே எழும்பிப் போனது. போர் முடிந்தபின், 2009க்குப் பிறகு, மாமாவோடு நான் முதன்முதலாக அங்கே போனபோது குளக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. குளம் ஒரு குட்டையாகக் கிடந்தது. வயல் இருந்த இடத்தில் இலந்தையும் விடத்தலும் ஆவரசும் நாயுண்ணியும் ஆள் உயரத்துக்கு மேல். காட்டுக்கோழி கூவியது. புலுனிகளும் கொண்டைக்குருவிகளும் மணிப்புறாக்களும் நிறைய. ஆனால் நாரை இல்லை, உள்ளான் இல்லை, குளத்தில் நீலோற்பலம் ஒன்றுகூட இல்லை.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். மனிதன் விலகி நின்றால் இயற்கை தானே திரும்பும் என்று நகரத்தில் எளிதாகப் பேசுகிறோம். இருபது வருடம் நாங்கள் விலகித்தான் இருந்தோம், விரும்பி அல்ல. திரும்பி வந்தது காடு. நீர்ப்பறவைகளும் வரம்புப் பூக்களும் திரும்பவில்லை. அவை வாழ்ந்தது தேக்கி வைத்த தண்ணீரிலும் மிதித்த சேற்றிலும், ஆண்டுதோறும் மண் அணைத்த வரம்பிலும். உழவன் போனதும் அவையும் போய்விட்டன.

மூன்றாவது, இப்போதைய காலம். குளத்தைத் திருத்தித் தந்தார்கள், காட்டை வெட்டினோம், உழவு மெசின் வந்தது, மூன்று, மூன்றரை மாத நெல் வந்தது. கை களையெடுப்புக்கு ஆள் கிடைக்காத ஊரில் களைநாசினி இல்லாமல் விவசாயம் இல்லை என்றாகியது. 2015இல் கிளைபோசேற் என்ற களைநாசினியைத் தடைசெய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விட்டார்கள், 2022இல் மற்றதற்கும். நடுவில் 2021 மே மாதம் இரசாயன உரத்தையும் மருந்தையும் ஒரே அறிவித்தலில் நிறுத்தி, நவம்பரில் திரும்ப அனுமதித்தார்கள். அந்த மாரியில் எங்கள் வெளி முழுக்கப் பூதான். வரம்பில் மட்டுமில்லை, நெல்லுக்குள்ளும் களை பூத்தது. கொக்கும் நாரையும் வந்தன. அறுவடையில் மூட்டை இல்லை. கடன்பட்டு விதைத்தவர்கள் தலையில் கை வைத்திருந்தார்கள். பூவும் பறவையும் வேண்டும் என்று பேசுகிற எவரும் அந்த வருடத்தை மறக்கக் கூடாது. அப்படி வந்த பூவை ஊரில் ஒருவரும் திரும்பக் கேட்கமாட்டார்கள்.

வடக்கும் தெற்கும்

மாமாவும் மருந்து அடிக்கிறவர்தான். யூரியா போடுகிறவர். அவருடைய நெல்லும் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான இனந்தான். ஆகவே பழமைக்கும் புதுமைக்கும் இடையிலான வித்தியாசம் என்று இதைச் சொல்ல முடியாது. வித்தியாசம் சின்னச் சின்ன வேலைகளில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாரி எடுத்தது.

முதலில் வரம்பு. மாமா விதைப்புக்கு முன் மண்வெட்டியால் ஓரம் செதுக்கி, வெட்டிய சேற்றை மேலே அணைப்பார். அப்புறம் ஒரு தரம் கத்தியால் புல்லை வெட்டுவார். வரம்புக்கு மருந்து அடிக்கமாட்டார். காரணம் கேட்டேன். "வேர் செத்தா வரம்பு ஆர் பிடிக்கிறது மருமகன்? மழைக்கு நீ போய் படுப்பியோ?" என்றார். பூவைப் பற்றியோ பறவையைப் பற்றியோ அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் நெல்லுக்கு அடித்த கையோடு வரம்புக்கும் அடித்திருந்தது. மண் தளர்ந்து, ஒவ்வொரு போகமும் செதுக்கிச் செதுக்கி, ஒற்றைக் கால் வைத்து நடக்கிற அளவுக்கு ஒடுங்கியிருந்தது.

அடுத்தது எருமைக் கிடங்கு. எருமை இப்போது மாமாவிடம் இல்லை. ஆனால் கிடங்கை அவர் மூடவில்லை. பங்குனி, சித்திரையில் வயல் காய்ந்த பிறகும் அதில் கொஞ்சம் சேறு கிடக்கும். நத்தை களிமண்ணுக்குள் இறங்கி ஓட்டை மூடிக்கொண்டு கோடையைக் கழிக்கும். விரால் குஞ்சும் கெளுத்தியும் அங்கேதான் தங்கும். ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறினதும் அவை அங்கிருந்து வயலுக்குள் பரவும். நத்தைகொத்தி நாரைக்கு அலகின் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும், நத்தையைப் பிடித்து உள்ளே இருப்பதை எடுக்க அமைந்த அலகு. அந்தப் பறவை ஏன் வாய்க்காலுக்குத் தெற்கே மட்டும் நின்றது என்ற கேள்விக்கு விடை அந்தக் கிடங்கில் இருந்தது. எங்கள் பக்கத்துக் கிடங்கைக் கால் ஏக்கர் கூடக் கிடைக்கும் என்று நாங்களே மண் போட்டு மூடினோம். காசு கொடுத்தது அம்மா, மெசினைக் கூட்டிவந்தது நான்.

மூன்றாவது வைக்கோல். அறுவடை மெசின் போன பிறகு எங்கள் பக்கத்தில் வைக்கோலுக்கு நெருப்பு வைப்பது வழக்கமாகியிருந்தது. மாமா பக்கத்தில் அதை மாட்டுக்காரர் அள்ளுவார்கள், மிச்சம் அங்கேயே உக்கும். ஆட்காட்டி கூடு கட்டாத பறவை. தரிசு நிலத்தில் சின்னக் குழியில் பெரும்பாலும் நான்கு முட்டை இடும். அடைகாக்க 28 முதல் 30 நாள் வரை வேண்டும். அறுவடைக்குப் பிந்திய தாள் வயல் அதற்கு ஏற்ற இடம். ஆனால் நெருப்பு வைக்கிற மாதமும் முட்டை இடத் தொடங்குகிற மாதமும் ஒன்று.

நான்காவதாகக் குத்தகை. மற்ற மூன்றும் இதிலிருந்து கிளம்பியவை என்று இப்போது நினைக்கிறேன். எங்கள் வயலை ஒரு போகத்துக்கு ஒருவர் என்று முன்காசு வாங்கிக் கொடுத்துவந்தோம். செய்கிறவர் நல்ல உழைப்பாளி, என்னைவிட இளையவர். வரம்பைப் பற்றிக் கேட்டேன். "அடுத்த போகம் எனக்கோ வேற ஆளுக்கோ தெரியாது அண்ணை. நான் மண் அணைச்சு வைக்க, வாறவர் வந்து செய்வார். எனக்கு இந்த நாலு மாசம்தானே" என்றார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. வரம்பில் வேர் பிடிக்க இரண்டு மூன்று மாரி வேண்டும். அவருக்கு நாங்கள் கொடுத்தது ஒரு மாரி.

என்ன செய்தோம்

2023 ஆவணியில் குத்தகையை மூன்று பெரும்போகத்துக்கு எழுதிக் கொடுத்தோம். வரம்பு வேலைக்கென்று குத்தகையில் ஒரு பங்கைக் குறைத்தோம். பதிலுக்கு வாய்க்கால் ஓர வரம்புக்கும் அதிலிருந்து பிரியும் மூன்று குறுக்கு வரம்புக்கும் களைநாசினி படக்கூடாது, வைக்கோலுக்கு நெருப்பு வைக்கக்கூடாது. கிடங்கை நாங்களே திரும்பத் தோண்டினோம். கடைக்கண்டத்தில் ஒரு மூலையைக் காவல் இல்லாமல் விடுவதென்றும் பேசினோம்.

நான் ஒரு படி மேலே போனேன். தாய்லாந்து, சீனா, வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளில் நான்கு ஆண்டுகள் நடத்தி 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. நெல் வரம்பில் தேன் சுரக்கும் பூச்செடிகளை, முக்கியமாக எள்ளை, நட்டபோது பூச்சிமருந்து அடிப்பது 70 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 5 சதவீதம் கூடியது. அறக்கொட்டி என்று நம் பக்கத்தில் சொல்லும் கபிலத் தத்தியின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும் மிகச் சிறிய குளவிகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பூந்தேன் உணவு. வரம்பில் பூ இருந்தால் குளவி தங்கும், தத்தி பெருகாது. இதைப் படித்த உற்சாகத்தில் ஐப்பசியிலேயே வரம்பு முழுக்க எள்ளு தூவினேன்.

எள்ளு முழுதும் அழுகிப்போனது. எள்ளுக்கு வேரில் தண்ணீர் நிற்கவே கூடாது. எங்கள் ஊரில் அது பங்குனி, சித்திரையில் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தில் விதைக்கிற பயிர். வாடை மழையில் விதைத்தது என் அறியாமை. மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தடுத்திருப்பார். அழுகிய எள்ளுக்கு நடுவே தும்பையும் கையாந்தகரையும் நாயுருவியும் தாமாக முளைத்தன. மார்கழியில் அந்தத் தும்பையில் குளவியும் தேனீயும் மொய்த்தன. வியட்நாமில் எள்ளு செய்த வேலைக்கு எங்கள் மாரியில் பொருந்தி வந்தது தும்பை. அதற்கு விதைக்காசும் இல்லை.

எலி இரண்டாவது சிக்கல். வரம்பை மருந்தில்லாமல் விட்ட முதல் மாரியில் எலி வளை கூடியது. குத்தகைக்காரத் தம்பி அதைக் காட்டிக் கோபப்பட்டார், அவர் பக்கம் நியாயம் இருந்தது. புல் மண்டினால் எலிக்கு மறைவு. நெற்சப்பி போன்ற புல் வரம்பில் முற்றினால் மூட்டுப்பூச்சி அதில் தங்கி, கதிர் பால் பிடிக்கும்போது நெல்லுக்கு இறங்கும். ஆகவே வரம்பை அப்படியே விட்டுவிடு என்று சொல்வது விவசாயிக்கு உதவாத பேச்சு. அடுத்த மாரியில் முறையை மாற்றினோம். புல் பூக்கும் முன்னே கத்தியால் இரண்டு தரம் வெட்டு, அகல இலைச் செடியை விடு. வெட்டிய புல்லை மாட்டுக்காரர் எடுத்துப்போனார்கள். வயலுக்குள் தென்னை மட்டைகளைத் தலைகீழாக நட்டோம். பகலில் இரட்டைவால் குருவிகள் அதில் இருந்து பூச்சி பிடித்தன. பின்னேரத்தில் கருந்தோள் பருந்து ஒன்று வந்து இருக்கத் தொடங்கியது, அதன் இரை எலிதான். கூகை வரும் என்று எதிர்பார்த்தேன், நான் பார்த்தவரை வரவில்லை. எலி வளை முதல் மாரியைவிடக் குறைந்தது. முற்றாக ஒழியவில்லை.

கடைக்கண்ட மூலை சரிவரவில்லை என்றே சொல்ல வேண்டும். குருவிக்கு விட்டதை மயில் எடுத்துக்கொண்டது. அம்மப்பாவின் காலத்தில் வயலில் மயில் அரிதாம். இப்போது விதைப்பு நாளிலேயே வந்து கிளறுகின்றன. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு நாடு முழுக்க ஐந்து நிமிடம் குரங்கு, மயில், மர அணில் எண்ணச் சொன்னார்களே, அன்று எங்கள் வெளியில் மட்டும் நான் எண்ணியது பதினான்கு. மாமா அந்த மூலையை விடுவதை நிறுத்திவிட்டார், நாங்களும் நிறுத்தினோம். தினைக்குருவிகளும் தூக்கணாங்குருவிகளும் எப்படியும் தங்கள் பங்கை எடுக்கத்தான் செய்கின்றன. பனையில் தொங்குகிற தூக்கணாங் கூடுகள் நெல்லிலையை நாராகக் கிழித்துப் பின்னியவை, அதுவும் எங்கள் வயலிலிருந்து போனதுதான்.

2024 கார்த்திகை

பின்னர் ஃபெங்கல் புயலாக மாறிய தாழமுக்கம் 2024 நவம்பர் கடைசியில் கிழக்குக் கரையோடு நகர்ந்தபோது மூன்று நாள் விடாத மழை. குளம் நிரம்பி, மிகுநீர் வழியும் வான் பாய்ந்தது. வாய்க்கால் நிரம்பி வயலுக்குள் ஏறியது.

மழை விட்ட அன்று நானும் தம்பியும் வரம்பு வரம்பாக நடந்தோம். மருந்து படாமல் இரண்டு மாரி கண்ட நான்கு வரம்பும் நின்றன. ஒன்றில் மட்டும் நண்டு வளையால் ஒரு கசிவு. வயலின் வடகோடியில், பேச்சில் சேராமல் விட்டிருந்த பழைய ஒடுங்கிய வரம்புகள் ஐந்து இடத்தில் உடைந்து, மேல்மண்ணோடு போட்ட பசளையும் அடித்துப்போயிருந்தது. உடைப்பை அடைக்க அவர் இரண்டு நாள் கூலி பிடிக்க வேண்டி வந்தது. பூவைப் பற்றி நான் ஒன்றரை வருடம் பேசிய பேச்சு அவரிடம் ஏறவில்லை. உடைந்த வரம்பைப் பார்த்துக்கொண்டு நின்றவர், "அந்த வடக்கு வரம்புக்கும் இனி அடிக்கேல்ல அண்ணை" என்றார். மாமா முதல் நாளே சொன்ன காரணம் அது. நான்தான் பறவையிலிருந்து பேச்சைத் தொடங்கியிருந்தேன்.

அந்த மாரியின் மிச்சப் பகுதி எனக்கு மறக்க முடியாதது. தண்ணீர் வடிந்த வயலில் உள்ளான்கள் வந்து இறங்கின. குளத்தில் நீலோற்பலமும் அல்லியும் விரிந்தன, தாழைக்கோழி இலைமேல் நடந்தது. வேலியில் கார்த்திகைப்பூ மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறி எரிவதுபோல நின்றது. குன்றடிப் புதரில் ஆறுமணிக்குருவி. இந்தியாவிலிருந்து ஐப்பசியில் வந்து சித்திரையில் திரும்பிப் போகிற பறவை அது. விடியும்போதும் பொழுதுபடும்போதும் தவறாமல் கூப்பிடும். திருகோணமலைக் கடலில் உள்ள புறாத்தீவுக்குப் படகில் போகிற ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவராவது இந்தப் பள்ளத்துக்கும் வந்து ஒரு காலைநேரம் நின்று பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் வந்தால் கண்ணி வைக்கிறவர்களும் வழி அறிந்துவிடுவார்களே என்ற பயமும் கூடவே இருக்கிறது.

நத்தைகொத்தி நாரை எங்கள் பக்கத்துக்கு முதல் மாரியில் வரவில்லை. இரண்டாவது மாரியின் தை மாதத்தில் மூன்று வந்தன. கிடங்கைத் தோண்டி ஒரு கோடை கழிந்த பிறகு, நத்தை பெருகிய பிறகு.

இன்னொரு மாற்றத்தை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. மார்கழிக் காலைகளில் பக்கத்து ஊர்ப் பெண்கள் இருவர் உரப்பையோடு எங்கள் வரம்பில் குனிந்து பொன்னாங்காணியும் வல்லாரையும் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் மாமாவின் பக்கம் மட்டுமே போவார்கள். அவர்களில் மூத்தவர் வடகோடி வரம்பைக் கையால் காட்டி, "அதில மருந்து வாசம் போகேல்ல தம்பி, இதில பிடுங்கலாம்" என்றார். பிடுங்கியதைக் கட்டுக் கட்டாக நகரச் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். வரம்பு செத்தபோது அவர்களுடைய அந்தச் சின்ன வருமானமும் செத்திருந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

நெல்லைப் பொறுத்தவரை இரண்டு போகத்திலும் எங்கள் பக்கமும் மாமாவின் பக்கமும் மூட்டைக் கணக்கில் கிட்டக்கிட்ட நின்றன. இரண்டாவது போகத்தில் அறக்கொட்டிக்கென்று வாங்கி வைத்திருந்த மருந்தைத் தம்பி அடிக்காமலே விட்டார். வரம்புப் புல் வெட்ட இரண்டு ஆள்கூலி கூடியது. குத்தகையில் நாங்கள் குறைத்த பங்கு அதற்குச் சரியாகப் போனது. நிலச் சொந்தக்காரர் கொஞ்சம் விட்டுக்கொடுக்காமல் இது நடக்காது என்பதே என் கணிப்பு. ஊரில் பாதி வயலுக்குமேல் இப்போது குத்தகைச் செய்கை. சொந்தக்காரர்கள் நகரத்திலும் வெளிநாட்டிலும். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தண்ணீர் விடும் நாளைப் பேசுகிறோம், விதைநெல்லைப் பேசுகிறோம், யானை வேலியைப் பேசுகிறோம். குத்தகை எத்தனை போகத்துக்கு என்பதைப் பேசுவதில்லை. வயலுக்குத் தண்ணீர் விடும் பொறுப்பில் இருக்கும் வட்டவிதானையிடம் இதைச் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் எழுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

பங்குனியில் அறுவடை முடிந்தது. வைக்கோலுக்கு நெருப்பு வைக்கவில்லை. மண்ணில் ஈரம் இருக்கும்போதே எள்ளு போடுவோம், இம்முறை சரியான மாதத்தில், என்று தம்பிதான் கேட்டார். உழவு மெசின் வருவதற்கு முதல்நாள் இரவு அவரிடமிருந்து தொலைபேசி.

"அண்ணை, கிடங்குக்குப் பக்கத்தில ஆட்காட்டி நாலு முட்டை இட்டிருக்கு. நான் போக, தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்துது. எத்தனை நாள் பொறுக்க வேணும்?"

ஒரு மாதம் என்றேன். ஒரு மாதம் பொறுத்தால் ஈரம் போய்விடும். விடியப் போய் முட்டையைச் சுற்றிப் பத்தடி தள்ளி நான்கு தடி நட்டோம். மெசின்காரர் அதைச் சுற்றி உழுதார். தாய் மெசின் வரும்போது எழும்பும், போனதும் வந்து உட்காரும், அன்று முழுக்க அப்படித்தான்.

அடுத்த மாதம் நான் போனபோது எள்ளு கணுக்கால் உயரம். தடிகளுக்கு நடுவே மட்டும் பழைய தாள். மூன்று குஞ்சுகள் கிடங்கின் சேற்றோரம் ஓடின. நாலாவது முட்டை பொரிக்காமல் அப்படியே கிடந்தது. தம்பி தடிகளைப் பிடுங்காமல் விட்டிருந்தார்.